அக்காவுக்கு நான் கொடுத்த மாத்திரைகள்

மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கில் எனக்கு வேலை. ஸ்டோர் கீப்பர். இருபத்தெட்டு வருடங்களாக அதே நாற்காலி, அதே கம்பி ஜன்னல். பேரிங், பெல்ட், வாஷர், கிரீஸ் டப்பா. எந்தச் சாமானும் தீர்ந்துபோகக் கூடாது, தீர்வதற்கு முன்பே அடுத்தது வந்திருக்க வேண்டும், முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். என் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். ஒரு பேரிங் இல்லாமல் ஒரு ஷிப்ட் நின்றுபோனால் யாரும் பேரிங்கைத் திட்டுவதில்லை, என்னைத்தான் திட்டுவார்கள். அந்தப் பயத்திலேயே ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது லாக்டவுன் சமயத்தில் என் மனைவிக்கு வலது காலில் ஒரு சின்னக் காயம். கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது அதன் அடிவிளிம்பு கிழித்தது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மூன்றாம் நாள் கணுக்கால் சிவந்து வீங்கி, முழங்கால் வரைக்கும் தொட்டால் சுட்டது. பக்கத்துத் தெரு கிளினிக் பூட்டியிருந்தது. டாக்டருக்கே உடம்பு சரியில்லை என்று கதவில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்ற நாட்கள் அவை, அங்கே போகப் பயம். தெரிந்தவர் மூலம் போனில் கிடைத்த ஒரு டாக்டர், காலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு மாத்திரையின் பெயரை எழுதி அனுப்பினார்.

மருந்துக் கடைகள் திறந்திருந்தன. அந்த மாத்திரை மட்டும் எங்கேயும் இல்லை. இல்லை என்றும் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டினார்கள். வழியில் போலீஸ்காரர்கள் இரண்டு முறை நிறுத்தினார்கள். போனில் இருந்த சீட்டைக் காட்டிக் காட்டி பன்னிமண்டபம் வரைக்கும் போய்விட்டேன். ஏழாவது கடையில் ஒரே ஒரு அட்டை கிடைத்தது. அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, வழியெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டரை ஓட்டினேன். மனைவியின் கால் ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. என் பயம் வற்றவில்லை.

ஊரடங்கு விலகியதும் நான் செய்த முதல் வேலை, எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் அந்த மாத்திரையில் நான்கு அட்டை வாங்கியது. கடைக்காரர் முதல் தடவை சீட்டு கேட்டார். பழைய சீட்டைக் காட்டினேன். அடுத்த தடவை கேட்கவில்லை. ஒரே கடையில் நிறைய வாங்கினால் ஏதாவது கேட்பாரோ என்று தோன்றியதால், குவெம்புநகரில் ஒரு கடை, விஜயநகரில் ஒரு கடை என்று பிரித்துக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. சளிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சிறுநீர்க் கடுப்புக்கு ஒன்று, புண்ணுக்கு ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வெள்ளம், நிலநடுக்கம், யுத்தம் என்று எல்லாவற்றுக்கும் வீட்டில் என்னென்ன மருந்து இருக்க வேண்டும் என்று அலமாரியைத் திறந்து காட்டும் வீடியோக்களைச் சாப்பிடும்போதுகூடப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அலமாரியில் இருந்தவை ஒவ்வொன்றாக என் பெட்டிக்கு வந்தன.

பெட்டி என்றால், கிடங்கில் திருகாணிகள் போட்டுவைக்கும் தடுப்புகள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி. படுக்கையறை பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தேன். ஏப்ரல் மாதத்தில் பீரோவைத் திறந்தால் உள்ளேயிருந்து அனல் அடிக்கும். மருந்தைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. அதைப் படித்திருந்தும் அங்கேதான் வைத்திருந்தேன்.

மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். அவள் எங்கள் ஊர்ப் பக்கத்து ராமாபுரத்துக்காரி, அதிகம் பேசமாட்டாள்.

"ஏனுங்க, நமக்கு வராத நோவுக்கெல்லாம் எதுக்குங்க மாத்திரை?"

வந்த பிறகு தேடி அலையச் சொல்கிறாயா என்று திருப்பிக் கேட்டேன். அவள் தன் காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அலைந்ததை அவளால் மறுக்க முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

வைத்திருந்தால் கை சும்மா இருக்காது. எனக்குத் தொண்டை கரகரத்தபோது இரண்டு நாள் சாப்பிட்டேன், சரியானது போலிருந்தது, மிச்சத்தைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் பல்வலி வந்தபோது மூன்று மாத்திரை கொடுத்தேன். கிடங்கில் கூட வேலை செய்பவர்கள் என்னிடம் இருமிக் காட்ட ஆரம்பித்தார்கள். உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே தெரியாது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஹனூர் தாலுகா கௌதள்ளியில் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு, இரண்டு மாடு. அத்தான் போய் ஆறு வருடமாகிறது. ஒரே மகன் கொள்ளேகாலில் பட்டுநூல் கடை ஒன்றில் வேலை செய்கிறான், முப்பது வயது, அங்கேயே குடும்பத்தோடு இருக்கிறான். வா என்றால் மாட்டை யார் பார்ப்பது என்பாள். நாங்கள் மாதம் ஒருமுறை போனால் பெரிது. அந்தக் குற்ற உணர்ச்சியில், ஒரு தடவை போகும்போது அவளுக்கும் ஒரு சின்ன டப்பா தயார் செய்து கொண்டுபோனேன். அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அதனால் ஸ்டிக்கர் ஒட்டினேன். சிவப்பு என்றால் காய்ச்சல், நீலம் என்றால் வயிறு, பச்சை என்றால் புண். எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு, எந்தக் கலர் என்று சொல்கிறேன் என்றேன். அவளுக்கு ரொம்பப் பெருமை. எம்பட தம்பி மைசூருலிருந்து ஆஸ்பத்திரியவே கொண்டாந்து குடுத்துட்டான் என்று வாசலில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், தீபாவளி முடிந்து பனி விழ ஆரம்பித்த சமயம். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா போன் பண்ணினாள். குளிர்காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் வலி, முந்தின நாள் மாட்டுக்குப் புல் அறுத்துக் கொண்டுவந்ததிலிருந்தே சரியில்லை என்றாள். ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியில் நின்றபடியே சொன்னேன். சிவப்பு எடுத்துக்கோ, ஐந்து நாளைக்கு விடாமல் சாப்பிடு. அது அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது அந்தப் பேச்சு.

மறுநாளும் காய்ச்சல் இருந்தது. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டாமா என்றேன். மூன்றாம் நாள் தலைவலி தாங்க முடியவில்லை என்றாள். குரல் சோர்ந்திருந்தது. வயிறும் பிரட்டுகிறது என்றதும் நீலத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது வேறொரு வகை, சிப்ரோ. கிடங்கில் ஒரு பெல்ட் சேரவில்லை என்றால் அடுத்த சைஸை எடுத்துக் கொடுப்பேன். அதே பழக்கம். நான்காம் நாள் மனைவி சொன்னாள், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று. ராமாபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்து வருவதற்குள் அவளுக்கு இன்னும் அதிகமாகிவிடும், மாத்திரைதான் கையில் இருக்கிறதே என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. மனைவிக்கும் நினைவிருக்கும். இன்றுவரை அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

ஐந்தாம் நாள் நானே போன் பண்ணினேன். இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாம் முறை எடுத்தாள்.

"தல பொளக்குது தம்பி. எந்திரிச்சு நிக்க முடியல. இன்னும் எந்தக் கலரு திங்கோணும்னு சொல்லு."

ஒரு நாள் பார்க்கலாம் என்றேன்.

ஆறாம் நாள் காலையில் அவள் மகன் போன் பண்ணினான். பக்கத்துக் காட்டுக்காரர் சொல்லி ஓடியிருக்கிறான். மாடு கத்திக்கொண்டே இருந்ததைக் கேட்டு அவர் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"மாமா, அம்மாளுக்கு மூச்சு எறைக்குதுங்க. கேட்டா சம்மந்தமில்லாம பேசறாங்க. கொள்ளேகால்ல காட்டினேன், இங்க முடியாது, மைசூருக்குக் கூட்டிட்டுப் போன்னுட்டாங்க. ஆம்புலன்ஸ்ல வந்துட்டிருக்கோமுங்க."

நானும் மனைவியும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றோம். ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தபோது அக்காவை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முகம் உப்பி, உதடு வெடித்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்று கேட்டதாக அவள் மகன் சொன்னான்.

பார்த்தவர் சின்ன வயது டாக்டரம்மா, மகள் வயதுதான் இருக்கும். அன்றைக்கு எத்தனையாவது நோயாளியோ, நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தார். காய்ச்சல் எத்தனை நாளாக, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கன்னடத்தில் கேட்டார். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நாளிலிருந்து எது என்று தடங்கல் இல்லாமல். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"மாத்ரெ யாரு கொட்ரு?"

மாத்திரை யார் கொடுத்தது என்ற கேள்வி. நான்தான் என்றேன். நீங்கள் மருத்துவத் துறையா என்று கேட்டார். ஸ்டோர் கீப்பர் என்றேன். எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டார். ஆஸ்பத்திரி இல்லை, தொழிற்சாலையில், உதிரிபாகம் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சரி என்று மட்டும் சொல்லி அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு திரையை இழுத்துவிட்டு, என் மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். அக்காவின் புடவையைத் தளர்த்தி, தலையிலிருந்து கால்வரை, காதின் பின்புறம், அக்குள், இடுப்பு என்று ஒரு இடம் விடாமல் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். இடுப்பில், புடவைக் கொசுவம் செருகும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பீடியால் சுட்டது போல ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு. வலிக்காதாம், அரிக்காதாம். அதனால் அக்காவுக்கே தெரியாது. மனைவியிடம் அதைக் காட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"அதன்ன நீவு நோடித்ரா?"

நீங்கள் அதைப் பார்த்தீர்களா. நான் எங்கே பார்த்தேன். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன். இல்லை மேடம் என்றேன்.

அது உண்ணிக் காய்ச்சல் போல இருக்கிறது என்றார். ஸ்க்ரப் டைஃபஸ். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் காட்டோரத்துக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள் என்றார். நான் கொடுத்த இரண்டும் இதைத் தொட்டிருக்காது. முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும், இப்போது நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது, கிட்னியும் சரியாக இல்லை, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம், ஆனால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தை இப்போதே ஆரம்பிக்கிறோம் என்றார். மருந்தின் பெயரை நர்ஸிடம் சொன்னார். டாக்சிசைக்ளின்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அது என் பெட்டியில் இருந்தது. மூன்றாம் வரிசை, இரண்டாவது தடுப்பு. வீடியோக்காரர் சொன்னாரே என்று வாங்கி, எதற்கு என்றே சரியாகத் தெரியாமல் இரண்டு வருடமாக வைத்திருந்தேன். அக்காவின் டப்பாவில்கூடப் பத்து மாத்திரை இருந்தது, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, புண்ணுக்கு என்று.

அக்கா ஐசியுவில் ஒன்பது நாள் இருந்தாள். முதல் மூன்று நாள் அவர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. ஐசியுவுக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு, அதில் நானும் அவள் மகனும். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானும் ஊரில் இல்லாமல் கொள்ளேகாலில்தானே இருந்தோம் என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான் போலிருக்கிறது. டீ வாங்கி வருவான், ஒன்றை என்னிடம் நீட்டுவான். நான் குடிப்பேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வரும்போதெல்லாம் இருவரும் எழுந்து நிற்போம்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் புத்தி என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். சரியான மாத்திரை கையில் இருந்தது, கலரைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன், அடுத்த தடவை காய்ச்சல் என்றால் பச்சையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அது கணக்குப் போட்டது. அக்கா உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது நான் அடுத்த தடவைக்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் டாக்டரம்மா வெளியே வந்தபோது, இதே மருந்து என் வீட்டிலேயே இருந்தது என்று அவரிடம் சொல்லியும்விட்டேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. கொஞ்சம் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பேன்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் இதே போல்தான் காய்ச்சல், அது டெங்கு, அதற்கு அடுத்தவருக்கு டைஃபாய்டு, உங்கள் மாத்திரை இரண்டு பேருக்கும் உதவாது என்றார். நாலைந்தையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா, அப்படிக் கொடுத்த ஒருவரும் இதே வார்டில் இருக்கிறார், ஈரல் கெட்டுப்போய் என்றார். இப்படிக் கண்டபடி சாப்பிட்டுச் சாப்பிட்டு, சிலருக்குச் சாதாரண மருந்துகள் இப்போது கேட்பதே இல்லை, எங்களுக்குக் கையில் ஒன்றிரண்டுதான் மிச்சம் இருக்கிறது என்றும் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. தினமும் யாருக்காவது இதைச் சொல்கிறவருடைய குரல் அது. உங்கள் அக்காவுக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது, போய் முகம் கழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டரை வாரம் கழித்து அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். எலும்பும் தோலுமாக இருந்தாள். மாடியில் வெயில் வரும் இடத்தில் உட்காரவைப்போம். இடது காது சரியாகக் கேட்கவில்லை. இந்தக் காய்ச்சலில் அப்படி ஆவதுண்டு, சிலருக்குத் திரும்ப வரும் என்றார்கள். அவளுக்கு முழுதாக வரவில்லை. இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் இப்போதும் புரியாமல் சிரிக்கிறாள். முன்பெல்லாம் பேச்சில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

ஒரு நாள் அவளிடம், எல்லாம் என்னால்தான் அக்கா என்று ஆரம்பித்தேன். வலது பக்கமாக வந்து சத்தமாகச் சொல்லச் சொன்னாள். இப்படிப்பட்ட வார்த்தையைச் சத்தமாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம். சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, நீ சொன்னாய், நான் தின்றேன், விடு என்றாள். பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள்.

"நானும் குடுத்தனே தம்பி. அந்தத் தெருவுல நாலு ஊட்டுக்குக் குடுத்துருக்கேன். எதுத்த ஊட்டுக் கைக்கொழந்தைக்குச் சளின்னு பாதி உடைச்சுக் குடுத்தேன். அதுக்கு ஒண்ணும் ஆகலீல்ல?"

எனக்குத் தெரியவில்லை. அவள் மகனிடம் விசாரிக்கச் சொன்னோம். குழந்தை நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும்தான் அன்று சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கௌதள்ளிக்குப் போனேன். மைசூரிலிருந்து கொள்ளேகால், அங்கிருந்து மலைக்கோயிலுக்குப் போகும் பக்தர்கள் கூட்டத்தில் இடிபட்டு ஹனூர், ராமாபுரம். நான்கு மணி நேரம் நின்றுகொண்டே போனது. அக்கா வீட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, அவள் சொன்ன நான்கு வீடுகளுக்கும் போய், மிச்சம் இருக்கும் மாத்திரைகளைத் திரும்பக் கேட்டேன். கொடுத்த மருந்தைத் திரும்பக் கேட்கிறவனை யாரும் பார்த்ததில்லை. இரண்டு வீட்டில் குழப்பத்தோடு கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் எல்லாம் தீர்ந்துபோயிற்று என்றார்கள். நான்காவது வீட்டு அம்மாள் ஒரு அட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. தர மறுத்தாள்.

"ராமாபுரத்துல டாக்டரு இருக்கற அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் வரோணுமேங்க. அவசரத்துக்கு ஒண்ணு இருக்கட்டுமுங்க."

நான் ஏழு கடை அலைந்த கதையை அவள் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு நடந்ததைச் சொன்னேன். குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்காதீர்கள், மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் இருந்தால் கொள்ளேகாலுக்கு வண்டி பிடித்தாவது போய்விடுங்கள், உடம்பில் கறுப்பாக ஏதாவது பொருக்கு இருக்கிறதா பாருங்கள் என்றேன். தலையை ஆட்டினாள். அட்டையை மட்டும் கொடுக்கவில்லை. நானும் அதற்குமேல் நின்று கேட்கத் தெம்பில்லாமல் வந்துவிட்டேன். அக்கா வீட்டில் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டையும், வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புப் பொட்டலம் பத்தும் வைத்துவிட்டு வந்தேன்.

வாங்குவதற்குச் சீட்டு கேட்காத ஊரில் இவற்றைத் தொலைப்பதற்கு நான் பட்ட பாடு தனி. என் பெட்டியைத் தரையில் கொட்டிப் பார்த்தபோது பாதிக்குமேல் தேதி முடிந்தவை. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று ஊருக்குச் சொல்கிறவனின் பெட்டி. சில அட்டைகளில் அச்சே அழிந்துபோயிருந்தது. தெருமுனைக் கடைக்காரர் விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாமா என்று கேட்டேன். எந்தத் தண்ணியில போய்ச் சேருமுங்க அது என்று மனைவி கேட்டாள். குப்பை வண்டியில் வரும் அம்மா, ஆஸ்பத்திரிக் குப்பையை நாங்கள் எடுக்க மாட்டோம், கையால் பிரிக்கிறவர்கள் நாங்கள்தான் என்று கன்னடத்தில் சொல்லிப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். பத்துப் பதினைந்து நாள் அந்தப் பை எங்கள் வீட்டு வாசலருகே கிடந்தது.

கடைசியில் அக்காவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது பையையும் எடுத்துப் போனேன். டாக்டரம்மா அன்று இல்லை. ஒரு வயதான நர்ஸ் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கடை வைத்திருந்தீர்களா என்று கேட்டார். இல்லை, வீட்டில் இருந்தது என்றேன். மருந்துக் கழிவு போகும் மஞ்சள் பையை என்னிடமே நீட்டிப் போடச் சொன்னார். வேறெதுவும் கேட்கவில்லை. அவருக்கும் நேரமில்லை.

அக்கா தைப்பொங்கலுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டாள். மாடுகளை விற்கச் சொன்னோம். ஒன்றை மட்டும் விற்றாள். புல் அறுக்கப் போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறாள், வந்ததும் வெந்நீரில் குளித்துத் துணியைத் துவைத்துவிடுகிறாள். இதை டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

இந்த வருடம் ஆடி மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அரசு கிளினிக்கில் டோக்கன் வாங்கி, மனைவியோடு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகைப் பார்த்தார். வைரல்தான், ஓய்வெடுங்கள், மூன்று நாளில் விடவில்லை என்றால் ரத்தம் பார்க்கலாம் என்று காய்ச்சல் மாத்திரை மட்டும் எழுதினார். ஆன்டிபயாடிக் வேண்டாமா என்று என் வாய் கேட்டுவிட்டது. வேண்டாம் என்றார்.

மூன்று நாள் படுத்திருந்தேன். ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்குத் தெரியாது. மணிக்கொரு தரம் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அதிகமாகத்தான் இருந்தது. பயந்தேன். மனைவி ஈரத்துணி போட்டாள், கஞ்சி கொடுத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வேர்த்து, காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து, நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன். இன்னும் ஒரு நாள் படுங்க என்றாள். படுத்துக்கொண்டேன்.